பந்தல் கயிறும் படகு எஞ்சினும்

பிரித்த எதையும் திரும்பப் பூட்டினால் நாலு நட்டு மிச்சம் வரும். அதைச் சத்தமில்லாமல் டப்பாவுக்குள் போடத் தெரிந்தவனுக்குத்தான் மெக்கானிக் என்று பெயர். வீட்டில் மிக்ஸியைக் கழற்றிவிட்டு, சம்சாரம் கோயிலிலிருந்து வருவதற்குள் பூட்டத் தெரியாமல் வேர்த்து நின்றவர்கள் எல்லாம் எனக்குப் பங்காளிகள். உங்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அல்லிநகரத்தில் எனக்கு ஒரு பட்டறை. தோட்டத்து மோட்டார், பவர் டில்லர், மலைக்கு ஏலக்காய்த் தோட்ட ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு, இதுதான் என் பிழைப்பு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறும் ஊர் எங்கள் ஊர். அந்த ஊரில் என்னிடம் ஒரு படகு எஞ்சின் வந்தது. எந்த நேரத்தில் அதைத் தொட்டேனோ, இன்றைக்கு வரை கையை விட்டுப் போகவில்லை.

போர்வைக்குள் வந்த நோயாளி

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான் லூர்துசாமி. ஜெயமங்கலத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். வைகை அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிறவன். நாற்பது தாண்டிய ஆள், பேச்சு குறைவு. எஞ்சினுக்கு வெயில் படக் கூடாது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, வீட்டிலிருந்த பூப்போட்ட பெட்ஷீட்டைச் சுற்றி, சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருந்தான்.

படகு எஞ்சின் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. மேலே தலை மாதிரி எஞ்சின். கீழே ஒல்லியாக ஒரு கால், அதுதான் தண்ணீருக்குள் நிற்கும். கால் முனையில் விசிறி, அது சுற்றினால் படகு ஓடும். அந்தக் கால் மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் பார்வை மங்கிய ஒரு அம்மா, வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கும்போது உச்சுக்கொட்டிக் கேட்டது: "காலு இப்பிடி மெலிஞ்சு போச்சே, சக்கரையாப்பா?"

சத்தம் நல்லாத்தான் வந்துச்சு

கோடையில் அணையில் தண்ணீர் இறங்கியபோது, அடியில் கிடந்த பழைய மரக்கட்டையில் மோதிக் கால் உடைந்திருக்கிறது. உள்ளே பல்சக்கரம் தூள் தூள். அத்தோடு கொண்டு வந்திருந்தால் பாதி வேலை. அவன் ஊரில் ஒரு டூவீலர் மெக்கானிக் இருக்கிறான், அவனிடம் காட்டியிருக்கிறார்கள். அந்த மகராசன் எஞ்சினைப் புளியங்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, ஸ்டார்ட் பண்ணி, முறுக்கு முறுக்கு என்று முறுக்கிப் பார்த்திருக்கிறான். படகு எஞ்சின் தான் நிற்கிற தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. அது தெரியாமல் ஆள் மாற்றி ஆள் இழுத்ததில் ஸ்டார்ட்டர் கயிறும் அறுந்து போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏலே, மீனத் தூக்கிக் கரையில போட்டுட்டு ஏன் நீந்தலன்னு கேப்பியா நீ?" என்று லூர்துவிடம் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு பெரிய ஆள் ஏன் இப்படி அடி வாங்கிய மாதிரி நிற்கிறான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அந்தக் கரையில் எஞ்சின் வைத்த படகு இது ஒன்றுதான் என்றான். மற்றதெல்லாம் பரிசல், காற்றடித்தால் எதிர்த்து ஏறாது. அணையில் யாராவது தவறி விழுந்தால் முதலில் போன் வருவது இவனுக்குத்தான். அதையெல்லாம் மெல்லச் சொல்லிவிட்டு, கடைசியில் டூவீலர் மெக்கானிக்குக்கும் பரிந்து பேசினான்: "சத்தம் நல்லாத்தாண்ணே வந்துச்சு. நின்ன பெறகுதான் சத்தம் வரல."

குமுளியில் சொன்னது

பழைய மாடல். ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் போன் போட்டேன். ஸ்பேர் கேட்டால் சிரிக்கிறார்கள். ஜீப்பு வேலையாகக் குமுளி போனபோது, மலைக்கு அந்தப் பக்கம் படகு வேலை பார்த்த ஒரு மலையாளத்துப் பெரிய மனுஷரைத் தேடிப் பிடித்தேன். உடைந்த பல்சக்கரத்தைக் கையில் கொடுத்தேன். சோறு தின்றுகொண்டிருந்தவர் இடது கையால் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இலை ஓரத்தில் வைத்தார்.

கம்பெனியே இதை நிறுத்தி நாளாகிவிட்டதாம். இதே மாதிரி இன்னொரு எஞ்சின் எங்கேயாவது ஓடாமல் கிடந்தால் அதைப் பிரித்து இதற்குப் போடலாம், வேறு வழியில்லை என்றார். நான் விடாமல், புதுசு எங்காவது ஒரு மூலையில் இருக்காதா என்று கேட்டேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "சேட்டா, இதுக்கு இனி உசுரோட இருக்குற ஸ்பேர் கிட்டாது. செத்ததுல இருந்துதான் எடுக்கணும்."

கொட்டகைக்குள் கிடந்தது

திரும்பி வந்து இதை லூர்துவிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. "இதே எஞ்சின் இன்னொண்ணு இருக்குண்ணே" என்றான். நான் டீ வாங்கிக் கொடுத்து, அதட்டி, கெஞ்சி, மீதியை ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கினேன்.

அவனுக்கு ஒரு அண்ணன், சவரிமுத்து. கேரளாவில் ஒரு படகுக்காரர் விற்றபோது அண்ணனும் தம்பியும் ஜோடியாக ஒரே மாதிரி இரண்டு எஞ்சின் வாங்கினார்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காற்று நேரம், வலை எடுக்கப் போன சவரிமுத்து திரும்பவில்லை. படகு கவிழ்ந்து கிடந்தது. நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுபோய், படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பி விழுந்திருக்கிறது என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். எஞ்சின் ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. அந்த வாரம்தான் அண்ணன் எஞ்சினில் பெட்ரோல் பம்புக்குள் இருக்கிற ரப்பர் டயாபிரம் கிழிந்துபோய், லூர்து ஒரு சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி உள்ளே போட்டுக் கொடுத்திருந்தான். சைக்கிள் டியூப் பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிடும், பெட்ரோல் ஏறாமல் எஞ்சின் நின்றுவிடும். இழவு வீட்டில், ஊரே கூடி நிற்க, சவரிமுத்துவின் சம்சாரம் புஷ்பம் இவனைக் கைநீட்டிச் சொல்லியிருக்கிறது: நீ போட்ட டியூபுதான் அவரைக் கொன்றது என்று. இவனும் அதை நம்பிவிட்டான். நான் கத்தியபோது தலை குனிந்தானே, அந்தக் குனிவு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

புஷ்பம் அந்த எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு, ராயப்பன்பட்டிப் பக்கம் பிறந்த ஊருக்கே போய்விட்டது. தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுத் திராட்சைப் பந்தலில் வேலை. என் ஜீப்பில் இரண்டு பேரும் போனோம். புஷ்பம் வாசலில் நாற்காலி போட்டது, எனக்குக் காப்பி கொடுத்தது. லூர்துவுக்கும் ஒரு டம்ளர் வைத்தது, ஆனால் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் மாட்டுக்கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நல்ல வார்த்தை எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. "காசு கேக்கல, கோவமும் இல்லண்ணே. உள்ள கெடக்குறத ஒருத்தரும் தொறக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

கரையில் உட்கார்ந்த அம்மா

அதோடு அந்த வேலையை மூட்டை கட்டிவிட்டேன். எஞ்சினைக் கோணியில் சுற்றிப் பட்டறை மூலையில் தள்ளினேன். லூர்து பரிசலில் கொஞ்சம், கூலிக்குக் கொஞ்சம் என்று பிழைப்பை ஓட்டினான்.

கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களுக்குக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேதக்காரர்கள், அதான் கிறிஸ்தவர்கள், எங்கே இருந்தாலும் ஊர் வந்து சேருவார்கள். புஷ்பமும் வந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து, அணை நிறைந்து கிடந்த நேரம், குளிக்க வந்த ஒரு வெளியூர்ப் பையன் தண்ணீருக்குள் போய்விட்டான். காற்றும் மழையும். பரிசல்காரர்கள் இறங்கிப் பார்த்தார்கள், காற்று சுற்றிச் சுற்றிக் கரைக்கே தள்ளியது. தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு வரும் வழியில் மரம் சாய்ந்து கிடந்தது, அது வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. லூர்து ஓட்டை வாளி மாதிரி வெறும் படகை வைத்துக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் ஓடியிருக்கிறான். எஞ்சின் இருந்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் போய்ப் பார்த்திருக்கலாம். பெற்றவளுக்கு அந்த ஒரு நிம்மதியாவது இருந்திருக்கும்.

அந்தப் பையனின் அம்மா நனைந்த சேலையோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். கல்லறையிலிருந்து வந்த புஷ்பமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லையாம், குடையை மட்டும் அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. புஷ்பமும் ஒரு காலத்தில் அதே கரையில் அப்படி உட்கார்ந்திருந்தவள்தானே. பையனின் உடம்பு கிடைத்த பிறகுதான் எழுந்ததாம். அடுத்த நாள் என் பட்டறை முன்னால் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் வைக்கோல் மேல் சவரிமுத்துவின் எஞ்சின். நான் பேந்தப் பேந்த முழிக்க, டிரைவர் அவசரமாக இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: "ராயப்பன்பட்டி அக்கா குடுத்து விட்டாக. எறக்கி வச்சிட்டு ஒண்ணுங் கேக்காம வந்துரச் சொன்னாக."

நம்பாமல் மாற்றியது

தண்ணீரில் மூழ்கின எஞ்சினை எடுத்தவுடன் கழுவி, எண்ணெய் விட்டு, ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். இழவு விழுந்த வீட்டில் எஞ்சினுக்கு எண்ணெய் விட யாருக்குத் தோன்றும்? மேல் எஞ்சின் முழுக்கத் துரு. சாணியும் சேறும் கலந்து ஒரு நாற்றம். ஆனால் கால் பகுதி முழுசாக இருந்தது. பிஸ்டனையும் டீசலில் ஊறப்போட்டு, தட்டித் தட்டி, கீறல் விழாமல் எடுத்துவிட்டேன். ஒன்றின் தலை, ஒன்றின் கால் என்று பூட்டினால் ஒரு எஞ்சின் தேறும்.

சவரிமுத்து எஞ்சினின் பெட்ரோல் பம்பைத் திறப்பதை மட்டும் கடைசிக்கு வைத்தேன். லூர்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "போய் டீ குடிச்சிட்டு வாப்பா" என்றால் போகவும் மாட்டேன் என்கிறான். ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன்.

உள்ளே சைக்கிள் டியூப் இல்லை. ஒழுங்கான டயாபிரம், கம்பெனி டயாபிரம், ஓட்டையில்லாமல் கிழியாமல் இருந்தது. தம்பி போட்டதைச் சவரிமுத்து எடுத்து எறிந்துவிட்டு, எங்கேயோ அலைந்து நல்லதை வாங்கிப் போட்டிருக்கிறார். தம்பியிடம் சொன்னால் வருத்தப்படுவான் என்று சொல்லாமல் விட்டிருப்பார். அண்ணன்மார்கள் செய்கிற காரியம்தான் அது. நான் அதைத் துடைத்து லூர்து உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே பட்டறைத் தரையில், எண்ணெய்க்குள் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் சிரிப்புமாக, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டான்: "என்னைய நம்பலண்ணே! எங்கண்ணன் என் வேலைய நம்பாம மாத்திருக்காருண்ணே!"

விசிறிக்குப் பின்னால்

அந்தச் சந்தோஷத்தோடு எஞ்சினை மூடியிருக்கலாம். ஆனால் சவரிமுத்து எஞ்சினின் காலைப் பூட்டுவதற்கு முன்னால் விசிறியைக் கழற்றி, ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். அது என் தொழில் புத்தி. விசிறியை உருவினேன். அதற்குப் பின்னால், ஷாஃப்டைச் சுற்றி, உருண்டையாக இறுகிப்போன வலை. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நைலான் வலை நூல் சுற்றினால் ஒரு முறுக்கில் அறுந்துவிடும், எஞ்சின் நிற்காது. இதில் வலையோடு தடித்த பச்சைக் கயிறு ஒன்று பின்னிக் கிடந்தது. அதுதான் அறாமல் சுற்றி, விசிறியை அசையவிடாமல் பிடித்து, எஞ்சினை நிறுத்தியிருக்கிறது. கயிற்றின் முனை கத்தி வைத்த மாதிரி ஒழுங்காக அறுபட்டிருந்தது.

"அண்ணன் கத்தியெடுத்து அறுத்துப் பாத்திருக்காரு போல" என்றேன். லூர்து அந்தப் பச்சைக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது எனக்கும் பொறி தட்டியது. இது திராட்சைப் பந்தல் கட்டும் கயிறு. கம்பம் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தலைக்கு மேலே இந்தப் பச்சைதான். மீன்பிடிக்கிற ஊரில் இதை யார் வலைக்குப் போடுவார்கள்? பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மிச்சக் கயிறு கொண்டு வந்து, புருஷன் வலை கிழிந்த இடத்தையெல்லாம் இழுத்துப் பின்னிக் கொடுத்த ஒரே ஆள் புஷ்பம்தான் என்பது லூர்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கெட்டியாக இருக்கட்டும் என்று பின்னியது. அவ்வளவு கெட்டியாகப் பின்னியதுதான் வினையாகப் போயிற்று.

லூர்து அந்தக் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஊரே இவனைப் பழி சொல்கிறது, பழி போகிற வழி இவன் பையிலேயே இருக்கிறது. போய்ச் சொல்லப்பா, ஊரைக் கூட்டிக் காட்டுப்பா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான், ரொம்ப நிதானமாக: "மதினிக்கிட்ட சொல்லிறாதீகண்ணே. டியூப்புன்னே இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பழகிப்போச்சு, அவுகளால தாங்க முடியாது."

மதினி வந்தாக

எஞ்சின் பூட்டி முடிகிற நேரம். ஸ்டார்ட்டர் கயிறு மட்டும் பாக்கி. மத்தியானம் பட்டறைக்குள் நிழல் தட்டியது, நிமிர்ந்தால் புஷ்பம். கையில் ஒரு மஞ்சப்பை. லூர்து டீ வாங்கப் போயிருந்தான். "வா தாயி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. அதன் கண் நேராகக் கழிவு போட்டிருந்த தட்டுக்குப் போனது, துருவும் பழைய வாஷரும் கிடந்த தட்டு.

நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் துருதான். டயாபிரம்தான் போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. கஸ்டமரிடம் நாளைக்குத் தருகிறேன் என்று தினமும் சொல்வதெல்லாம் பொய்யில் சேராது. புஷ்பம் என் முகத்தைப் பார்த்தது. "பச்சக் கயித்த எங்கண்ணே வச்சீக?" என்று கேட்டது.

அப்புறம் அதுவாகவே சொன்னது. எஞ்சினைக் கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்து போட்ட அன்றைக்கு, விசிறியில் பச்சை நூல் தொங்கிக்கொண்டிருந்ததாம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. யாரும் வருவதற்குள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த திராட்சைக் கத்தரியை எடுத்து, தெரிந்த வரைக்கும் வெட்டி அடுப்பில் போட்டுவிட்டதாம். அந்த வெட்டைத்தான் நான் சவரிமுத்து கத்தி என்று நினைத்திருக்கிறேன். "என்னைய நானே சொல்லிக்கிட முடியலண்ணே. கொழுந்தனாரச் சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்னேன், ஊரு புடிச்சிக்கிருச்சு. எத்தன வருசமா ஒரு மனுசன் தலையில எம் பாவத்த ஏத்தி வச்சிருக்கேன். அந்தப் பையனோட ஆத்தா பக்கத்துல உக்காந்திருந்தேன்ல, எனக்கு மூச்சே விட முடியல. நீங்க தொறந்தா பாப்பீக, பாத்தா ஊருக்குச் சொல்லுவீகன்னுதான் அனுப்பி விட்டேன். நீங்களும் மறைக்கிறீகளே!"

வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, டீ பார்சல் கையிலேயே ஆறிப்போயிருந்தது. புஷ்பம் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கையெடுத்துக் கும்பிடப் போனது, அவன் ஓடி வந்து தடுத்தான். நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன், ஆனால் காது அங்கேதான் இருந்தது. "வீட்ல எத்தன வல கெடந்தாலும் அண்ணன் நீங்க பின்னுன வலையத்தான் எடுப்பாக மதினி. அத எடுத்துட்டுப் போனது அவுக இஷ்டம். காத்தடிச்சது யாரு இஷ்டம்? உங்களயும் சொல்லாதீக, என்னையவும் சொல்லாதீக, போதும்."

இழுக்கிற கயிறு

அணைக் கரையில் எஞ்சினைப் படகில் மாட்டினோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மந்திரித்து முடித்ததும் புஷ்பம் கூட்டத்துக்கு நடுவே போய் நின்று, டியூப்பில்லை, தம்பி மேல் குற்றமில்லை, என் கயிறுதான் என்று வாய்விட்டுச் சொன்னது. அதன் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. பரிசல்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி ஆத்தா, வண்டிய எடுங்கப்பா" என்றார். அதற்கு மேல் அங்கே பேச என்ன இருக்கிறது?

வண்டியை எடுக்கலாம், ஸ்டார்ட்டர் கயிறு தாங்க வேண்டுமே! தேனிக் கடையில் வாங்கி வந்த கயிறு இரண்டு இழுப்பில் நைந்து போனது. எனக்கு மானம் போனது. அத்தனை பேர் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். லூர்து கரைக்கு இறங்கி வந்து, புஷ்பத்தின் மஞ்சப்பையைப் பார்த்துக் கேட்டான்: "மதினி, பந்தல் கயிறு வச்சிருக்கீகளா?"

புஷ்பத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தக் கயிறு வேணாந் தம்பி, கும்பிட்டுக் கேக்குறேன்" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. அவன் விடவில்லை, கையை நீட்டிக்கொண்டே நின்றான். கடைசியில் பைக்குள் கை விட்டது. பந்தலில் வேலை செய்கிறவர்கள் பையில் அந்தக் கயிறு இல்லாமல் போகாது. அதுவே உட்கார்ந்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மும்மடங்காக முறுக்கிக் கொடுத்தது. நான் சுற்றி மாட்டினேன். லூர்து இழுத்தான். எஞ்சின் இருமியது, புகை விட்டது, நின்றது. மறுபடி இழுத்தான். கயிறு விறைத்து நின்றது, புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டது. எஞ்சின் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அண்ணன் காலும் தம்பி தலையுமாகப் படகு ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. "அறுந்துறாதுல்ல தம்பி?" என்று கேட்டது புஷ்பம். லூர்து எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான்: "உங்க கயிறு அறாது மதினி. அது நம்ம ரெண்டு பேத்துக்கும் தெரிஞ்சதுதான!"

இரண்டு எஞ்சினைப் பிரித்து ஒன்றாகப் பூட்டியதில் மிச்சம் வந்த நட்டும் போல்ட்டும் இன்னும் என் டப்பாவுக்குள்தான் கிடக்கின்றன, படகு ஓடுகிற வரைக்கும் அவை எந்த எஞ்சினுடையவை என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.